சலவைக்கூடத்தில் சீன ஞானம்

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டை நான் வாங்கவில்லை. கொடுத்தார்கள். துறைப் பொறுப்பாளர்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொன்று, நீல அட்டை போட்டு.

காலை எட்டரைக்குக் கூட்டம். எட்டரை மணிக்கு எனக்கு முதல் சலவை இறங்கி இரண்டாவது ஏற வேண்டும். அது யாருக்குத் தெரியும்? எங்கள் மருத்துவமனை நிர்வாகி போன வாரம் ஏதோ ஒரு மலையில் நான்கு நாள் முகாமுக்குப் போனார். தலைமைப் பண்புக்குப் பழைய சீன ஞானமாம். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். ஞானியாகத் திரும்பியிருக்கிறார். குரலே இறங்கிவிட்டது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிடலாம்.

"தண்ணி மாதிரி இருங்க. தண்ணி யார்கூடவும் மல்லுக்கு நிக்காது. தாழ்வான இடமா பார்த்துப் போய் அமைதியா உட்கார்ந்துக்கும்."

சொல்லும்போது சரியாக என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாகச் சலவைக்கூடத்தில் நிற்கிறேன். கால்விரல் இடுக்கில் புண் ஆறிய நாள் கிடையாது. எனக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம்.

மூன்றாம் நம்பர் இயந்திரத்தின் கதவுத் தாழ் தேய்ந்துபோய், கம்பியால் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இயந்திரத்தையே மாற்றச் சொல்லி ஜனவரியிலேயே கோப்பு அனுப்பினேன். அதுவும் தாழ்வான இடமாகப் பார்த்து அவர் மேசையில் எல்லாவற்றுக்கும் அடியில் போய் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். 'இன்று எதைச் செய்யாமல் விட்டேன்?' என்பது தலைப்பு. யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்களாம், நம்முடைய வளர்ச்சிக்காம். யாரும் படிக்காததால்தான் அவரை ஞானி என்று எழுதுகிறேன்.

மார்ச் 5, புதன்

இன்று எதைச் செய்யாமல் விட்டேன்? மதியச் சாப்பாடு.

மார்ச் 10, திங்கள்

கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்க மேலே போனேன். அறையில் பாதி நாற்காலிகளை எடுத்துவிட்டிருக்கிறார். வெற்றிடம் வேண்டுமாம். என்னை உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே பேசினேன்.

"சார், மூணாம் நம்பர் கதவு எப்ப வேணா திறந்துக்கும். உள்ள கொதிக்கிற தண்ணி."

கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். "எதையும் அவசரப்படுத்தக் கூடாதும்மா. அதது அந்தந்த நேரத்துல நடக்கும்," என்றார். பிறகு, உண்மையான தலைவர் ஒருவர் இருக்கிறார் என்பதே கீழே உள்ளவர்களுக்குத் தெரியாது என்று விளக்கினார்.

"நீங்க இருக்கீங்கன்னு எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது சார்," என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. நன்றி சொன்னார். நான் என்ன செய்வது, யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

இறங்கி வந்து இஸ்திரிக்காரியிடம் சொன்னேன். தேய்ப்பு மேசையில் பதினாறு வருடமாக என்கூட இருப்பவள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். வழக்கமாக இந்த மாதிரி விஷயத்துக்கு வயிறு வலிக்கச் சிரிப்பாள். இன்று லேசாகச் சிரித்துவிட்டுத் தலையணை உறையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். உடம்பு சரியில்லையோ என்னவோ.

மார்ச் 12, புதன்

வீட்டுக்காரரிடம் ஞானியைப் பற்றிச் சொன்னேன். அவர் கட்டட வரைபடம் போடுகிறவர், தலையை நிமிர்த்தாமல் பேசுவார். "ஒருநாள் நீயும் சும்மா இருந்துதான் பாரேன்," என்றார்.

"நான் சும்மா இருந்தா நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல விரிக்கத் துணி இருக்காது."

"அப்படியா," என்றார். அந்த 'அப்படியா' எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளைப் போனில் பிடித்தேன். அவளும் கேட்கிறாள்: "அம்மா, அடுத்த தடவை என் வீட்டுக்கு வந்தா என் அலமாரியைக் கலைச்சு அடுக்காம இருப்பியா?" கலைத்தேனாம். ஒழுங்கு பண்ணியதற்குப் பெயர் கலைப்பது.

மார்ச் 18, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

ஞானி கூப்பிட்டனுப்பினார். கோப்புதான் நகர்ந்துவிட்டது என்று ஓடினேன். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். என்மேல் புகார். சலவைக்கூடத்தில் இருக்கும் எட்டுப் பேரில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து இஸ்திரிக்காரியுடையது. கடிதமே அவள் கையெழுத்தில்தான் இருந்தது. அந்த உருண்டை எழுத்து எனக்குத் தெரியாதா?

சோப்புப் பொடி அறைச் சாவியை நான் இடுப்பிலேயே வைத்திருக்கிறேனாம், ஒரு குவளை பொடிக்குக்கூட என்னைத் தேடி அலைய வேண்டியிருக்கிறதாம். அவர்கள் மடித்து வைத்த விரிப்புகளை மாலையில் நான் பிரித்து மறுபடி மடிக்கிறேனாம். கழிப்பறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்க்கிறேனாம். 'எங்களை மூச்சுவிட விடுவதில்லை.' அப்படியே எழுதியிருந்தது.

பார்க்கிறேன்தான். மடிக்கிறேன்தான். யாருக்காக? எனக்கு என்ன வேற வேலையே இல்லையா? மூலை சேராம மடிச்சா அடுக்கு சரியுது, சரிஞ்சா தரையில விழுது, தரையில விழுந்தா மறுபடி துவைக்கணும் — இதெல்லாம் யாரு பார்க்கிறது? அவளா பார்க்கிறா? பதினாறு வருஷம். ஒரே டப்பா. அவ மாமியார் படுத்த படுக்கையா கிடந்தப்ப மூணு மாசம் அவ வேலையையும் சேர்த்து யாரு செஞ்சா?

ஞானி சொன்னதுதான் உச்சம். "இதைப் பத்தி நான் ஒண்ணும் செய்யப் போறதில்லம்மா. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 19, புதன்

தனியாகச் சாப்பிட்டேன். அவளும் தனியாகச் சாப்பிட்டாள். நடுவில் நான்கு தள்ளுவண்டி.

மார்ச் 21, வெள்ளி

சரி. மூச்சுவிடட்டும். எல்லாரும் நன்றாக மூச்சுவிடட்டும்.

காலையில் சாவியை எல்லாரும் பார்க்க ஆணியில் மாட்டினேன். என் நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஞானி சொன்ன மாதிரியே, ஒன்றும் செய்யாமல். மத்தியானத்துக்குள் எல்லாம் குட்டிச்சுவராகப் போகும், எல்லாரும் என் முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள் என்று கணக்குப் போட்டேன். பொய் சொல்லவில்லை, அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு நான் நினைத்தது நடந்தது. தியேட்டர் பச்சைத் துணி பிரசவ வார்டுக்குப் போய்விட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் — வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எழுந்திருக்கவில்லை. இஸ்திரிக்காரி போனை எடுத்தாள், இரண்டு வார்த்தை பேசினாள், பத்து நிமிடத்தில் துணி தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. நானாக இருந்தால் அனுப்பினவரைக் கூப்பிட்டுக் கத்துவதற்கே அரைமணி ஆகியிருக்கும்.

பிறகு இயந்திரம் ஓட்டும் நெட்டையன் பொடி அறைக்குள் போனான். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சலவைக்கு இரண்டு குவளை போட வேண்டும், ஒன்றுதான் எடுத்தான். வாயை அடக்க முடியவில்லை.

"ஒண்ணு போதுமா?"

"உப்பு நீக்குன தண்ணி வர ஆரம்பிச்சதுலேருந்து ஒண்ணே போதும்க்கா. ரெண்டு போட்டாத்தான் துணி சொரசொரன்னு ஆகுது."

"என்கிட்ட சொல்லலையே."

"ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

நோயாளிகளின் தோல் அரிக்கிறது என்று வார்டிலிருந்து புகார் வந்தபோதெல்லாம் நான் நர்சுகளோடு சண்டை போட்டிருக்கிறேன்.

நாலு மணிக்கே எல்லா வண்டியும் போய்விட்டது. வழக்கமாக ஐந்தரை ஆகும். எரிச்சலில் எனக்குத் தலைவலி.

மார்ச் 22, சனி

இன்றும் சும்மா இருந்தேன். இன்றும் ஒன்றும் ஆகவில்லை. கை ஊறுகிறது.

மார்ச் 27, வியாழன்

முற்பகல் பதினொன்றே காலுக்கு மூன்றாம் நம்பர் கதவு திறந்துகொண்டது.

கம்பி அறுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. தண்ணீர் வந்த சத்தம்தான். நெட்டையன் பக்கத்து இயந்திரத்துக்குக் குனிந்திருந்தான். இடது முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வெந்துபோயிற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன், அவ்வளவுதான். இஸ்திரிக்காரிதான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். இரண்டு பேர் அவன் கையைக் குழாயடியில் பிடித்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை, எல்லாம் சரியாகச் செய்தார்கள். அவசர சிகிச்சைக்கு அவர்களே அழைத்துப்போனார்கள்.

நான் மேலே போனேன். செருப்பெல்லாம் சோப்புத் தண்ணீர். கதவைத் தட்டவில்லை. எடுக்காமல் விட்டிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். ஞானிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பழக்கதோஷம், "இந்த மாதிரி நேரத்துலதான் நம்ம மனசு நிதானமா..." என்று ஆரம்பித்தார்.

"சார், நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். என் ஆளுங்க மடிச்சதை நான் பிரிச்சு மடிச்சேன். தப்புதான். அவங்களுக்குத் தெரிஞ்ச வேலையில நான் கையை வெச்சேன். நீங்க சொன்ன பாடம் எனக்குச் சரி. ஒரு வாரமா சும்மா உட்கார்ந்து பார்த்தேன், அது சரிதான். ஆனா உங்க கையெழுத்தை அவங்க போட முடியுமா? நான் போட முடியுமா? உங்களால மட்டும் முடியிற ஒரு வேலை, அதையும் செய்யாம விட்டுட்டு அதுக்கு சீனாவுலேருந்து பேரு கொண்டுவராதீங்க. அந்தப் பெரியவங்க யாரோ, எனக்குத் தெரியாது. ஆனா அவங்க இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க."

குரல் உயர்ந்துவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது.

அவர் இந்த முறை கண்ணை மூடவில்லை. அடுக்கைக் கலைத்து என் கோப்பைத் தேடினார். அடியில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு தடவை தாளைக் கிழித்தது. "எந்த வார்டு?" என்று கேட்டார்.

நான் போனபோது அவர் நெட்டையன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர், ஆறு, பாறை எதுவும் சொல்லவில்லை. "என் தப்பு," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நெட்டையன் சங்கடப்பட்டுக்கொண்டு, "பரவால்ல சார்" என்றான். பரவாயில்லையா? தோல் உரிந்து கிடக்கிறது. பரவாயில்லையாம்.

என் தப்பும் இருக்கிறது. கையெழுத்து வரும்வரை அந்த இயந்திரத்தை ஓட்டாதே என்று நான் சொல்லியிருக்கலாம். அது என்னால் மட்டும் முடிகிற வேலை. எதைச் சும்மா விடுவது, எதை விடக் கூடாது — இதை அந்த நான்கு நாள் முகாமில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்களா?

மார்ச் 29, சனி

இன்று நானாகப் போய் அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு விரிப்பைத் தேய்த்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"எத்தனை தடவை சொன்னேன்னு உனக்குத் தெரியுமா? பேசினா நீ பதில் சொல்ல ஆரம்பிச்சிடுவ. எழுதினா நீ முழுசா படிப்பன்னு நெனச்சேன்."

"மேல கொடுத்திருக்கியே."

"உன் கையில கொடுத்தா அதுலயும் எழுத்துப்பிழை பார்த்திருப்ப."

பார்த்திருப்பேன். இரண்டு பிழை இருந்தது. அன்றே பார்த்துவிட்டேன். சொல்லவில்லை.

"கோபம் போச்சா?" என்று கேட்டாள்.

"போகல."

"எனக்கும் போகல," என்றாள். டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

ஏப்ரல் 16, புதன்

புது இயந்திரம் வந்துவிட்டது. மூன்று நாளாக அதன் கையேட்டோடு மல்லுக்கட்டுகிறோம். நெட்டையன் கை ஆறிவருகிறது, அடுத்த வாரம் வந்துவிடுவான். விரல்களை முழுக்க மடக்க இன்னும் வரவில்லை. பயிற்சி செய்கிறானாம்.

ஞானி இப்போதெல்லாம் திங்கட்கிழமை தவறாமல் கீழே இறங்கி வருகிறார். ஒவ்வொரு துறையிலும் நிலுவை என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். நல்லதுதான். ஆனால் சரியாக வண்டி திரும்பும் இடத்தில் நின்றுகொள்கிறார்.

ஏப்ரல் 21, திங்கள்

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் வரைக்கும் யாருக்கு எந்த நேரம், யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று அவர்களே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக நான் எழுதும் தாள். ஒன்பது பெயர். என் பெயரை மேலே தேடினேன், இல்லை. ஆறாவதாக இருந்தது. எதிரில் 'வியாழன் ஓய்வு' என்று போட்டிருந்தது.

என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஓய்வு நாள் உண்டு, ஞாயிறு. அன்றைக்கும் வந்துவிடுவேன் என்பது வேறு விஷயம். இரண்டு பேரைக் கூப்பிட்டு ஏன் வியாழன் என்று கேட்கலாம் என்று இருந்தது. கட்டங்கள் நேராகத்தான் போட்டிருந்தார்கள். ஒரு இடத்தில்கூட ஆள் குறையவில்லை. நான் தேடினேன், குறையவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

காலை பத்தரை. வீட்டில் இருக்கிறேன்.

வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு தடவை செருப்பைப் போட்டுக் கழற்றினேன். இந்த நேரத்தில் எங்கள் சமையலறையில் இவ்வளவு வெயில் விழும் என்று எனக்குத் தெரியாது. மேடையிலிருந்து தரைக்கு இறங்கி, கதவு வரைக்கும் வந்திருக்கிறது. நாற்காலியை அதில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை நீட்டினேன். விரல் இடுக்கெல்லாம் காய்ந்திருக்கிறது.

போன் அடித்தது. இஸ்திரிக்காரி.

"என்ன ஆச்சு? எது உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையல. நீ கிளம்பிட்டியான்னு பார்த்தேன்."

"கிளம்பல."

"உண்மையா?"

"உண்மையா. எவ்வளவு நேரம்தான் இப்படியே உட்கார்ந்திருக்கிறது, பைத்தியம் பிடிக்குது."

"பிடிக்கட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெயில் இப்போது முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலியை நகர்த்த வேண்டியதில்லை.