மை உறையும் தேசம்

12 தை (ஜனவரி), செவ்வாய்

காலை 6.10. கும்மிருட்டு. கிழக்குக் காற்று. ஜன்னலுக்கு வெளியே வைத்த தண்ணீர்ப் போத்தல் உறையவில்லை. உறைந்தது என்றே பதிகிறேன்.

அணிந்த கவசங்கள், உள்ளிருந்து வெளியே: பெனியன் 2. சேர்ட். அகதி முகாமில் தந்த கம்பளிச் சட்டை. காற்சட்டைக்குள் ஊரில் கட்டிய சாரம், நாலாய் மடித்து. காலுக்கு மேசு 3 சோடி. கோட். பார்த்தவர்கள் தேர் புறப்பட்டதென்று நினைத்திருப்பார்கள்.

டென்மார்க் தட்டை நாடு என்று புத்தகத்தில் எழுதிய மகான் நான் இருக்கும் வைலேக்கு வந்ததில்லை. மேட்டில் சைக்கிள் உழக்க, காற்று நெஞ்சில் கை வைத்துத் திரும்பிப் போடா என்றது. போகவில்லை.

வேலை: இறைச்சிக் குளிரறை, சைபருக்குக் கீழே 18. வெளியே சைபருக்கு மேலே 3. ஆனால் உள்ளே காற்றில்லை. ஆகவே உள்ளே போய்த்தான் குளிர் காய்கிறோம். மூதாதையர் ஒருவரும் செய்யாத சாதனை.

மேற்பார்வைக்காரன் ஊலெ சொல்கிறான், இந்த முறை குளிர்காலமே வரவில்லையாம். போன வருசம் கடலே உறைந்ததாம், அதன் மேல் நடந்தானாம். நான் முகாமுக்கு வந்தது அதற்குப் பிறகு, கோடையில். மூன்று மாதமாய் உயிரைக் கொடுத்துப் போராடுகிறேன், எதிரி இன்னும் வந்தே சேரவில்லையாம். பகல் முழுக்க அவனோடு கதைக்கவில்லை.

2 மணி, விசாக் கந்தோர். கண்ணாடிக்குப் பின்னால் வழமையான அம்மையார். வழமையான வசனம்: ஃபைல் கொப்பனேகனில், காத்திருக்கவும். குடும்பத்தை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டது ஆவணியில். மனைவி யோகம் (இனி யோ.), மகள் அபி, வயது நாலு. இரண்டு பேருக்குத்தான் கேட்டேன், இரண்டு கப்பலுக்கல்ல.

இரவுச் சாப்பாடு: பாண், சம்பல், மரியதாஸின் மீன் பொரியல். மரியதாஸ் மட்டக்களப்பு, என் அறைக்கூட்டாளி. அவன் மனுசியின் ஃபைலும் அசையவில்லை. பக்கத்து ஊர்கள், கோல்டிங்கில் கேட்டோம், பிரெடெரிசியாவில் கேட்டோம். எங்கள் ஆட்களின் ஒரு ஃபைலும் அசையவில்லை.

17 தை, ஞாயிறு

மழை. தெருமுனை டெலிபோன் கூண்டு. கொட்டாஞ்சேனையில் யோ. இருக்கும் லொட்ஜுக்குப் பக்கத்துக் கடைக்கு, மூன்று நிமிடம்.

இங்கே ஒரு குற்றத்தை எழுதவேண்டும், யாரும் வாசிக்கப்போவதில்லை. கார்த்திகையில் யோ. விசா ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதினாள். ஏனென்று எனக்கே தெரியாது. தெரியாது என்று எழுத இந்தக் கை மறுத்தது. டென்மார்க்கில் குளிர்காலத்தில் மை உறைந்துவிடும், உத்தியோகத்தர்கள் கரடிபோல் படுத்துவிடுவார்கள், பனி உருகியதும் முதல் வேலையாக உன் விசாவில்தான் கையெழுத்து என்று நாலு பக்கம் எழுதினேன். அருமையான கடிதம். நானே இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன்.

யோ. அதை நம்பியிருக்கிறாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து யோ.வின் தகப்பன், என் மாமா, ஆள் மூலம் கடிதம் கொடுத்துவிட்டிருக்கிறாராம்: லொட்ஜில் கிடந்து சீரழியாமல் பிள்ளையோடு திரும்பி வா. பனி உருகும்வரை பொறுங்கோ அப்பா என்று இவள் பதில் அனுப்பியிருக்கிறாள். என்னிடம் திகதி கேட்டாள். வாய் தன்பாட்டில் சொன்னது: மாசி நடுப்பகுதி. அதற்குள் வராவிட்டால் வீட்டுக்கே போய்விடுவாளாம். அங்கே சண்டை. போனால் பிறகு பாதை திறக்குமோ, யார் கண்டது.

கடைசியில் அபி ரிசீவரை வாங்கினாள்.

"அப்பா, ஐஸ் உருகீட்டுதோ?"

"இல்லையம்மா. மலை மாதிரிக் கிடக்கு."

கூண்டுக்கு வெளியே ஒரு கிழவர் கோட் பொத்தான் பூட்டாமல் நாயோடு போனார்.

23 தை, சனி

வெயில். துரோகி.

ஊலெ கோப்பிக்குக் கூப்பிட்டிருந்தான். கேக் நன்று. முற்றத்தில் புல்லுக்குள் மஞ்சளாய் ஏதோ. குனிந்து பார்த்தால் பூ. வசந்தத்தின் முதல் பூவாம், இம்முறை வெள்ளென வந்துவிட்டதாம், மனுசனும் மனுசியும் கைகோத்து நின்று பார்க்கிறார்கள். எண்ணினேன்: பதினொன்று. பதினொரு பகைவர். சப்பாத்துக் காலால் மிதித்து முடிக்க ஒரு நிமிடம் போதும். மிதிக்கவில்லை. நினைத்ததை ஒளிக்கவுமில்லை.

உலகத்திலேயே குளிர் காணாதென்று அழும் ஒரே தமிழன் நான்.

மரியதாஸிடம் முழுக் கதையையும் சொன்னேன். சிரித்து உருண்டான். பிறகு சிரிப்பு நின்றது.

"பூவைப் புடுங்கலாம் அண்ணை. வெயிலை என்ன செய்யிற?"

உண்மையைச் சொல்லச் சொல்கிறான். அவன் தன் மனுசிக்கு முதல் நாளே சொல்லிவிட்டானாம். உனக்குக் கற்பனை வறட்சி என்றேன். ஓம் என்றுவிட்டுக் கோப்பை கழுவப் போனான்.

26 தை, செவ்வாய்

கந்தோர். அதே வசனம். மேசு 2 சோடி போதுமாயிருந்தது. எழுதவே வெட்கம்.

31 தை, ஞாயிறு

மூட்டம். கூண்டு.

சொன்னேன். மை உறையவில்லை, கரடி இல்லை, கந்தோர் திறந்துதான் இருக்கிறது, செவ்வாய்க்குச் செவ்வாய் போகிறேன், ஒருவரும் ஒன்றும் சொல்கிறார்களில்லை. ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சின்னக் கதை.

அங்கே கடையில் ஆரோ சீனி கேட்பது மட்டும் கேட்டது.

பிறகு ஏசினாள். பிள்ளை தினமும் கலண்டரில் கோடு போடுகிறதாம். லொட்ஜில் மற்றப் பெண்களுக்கும் மை உறைந்த கதையைச் சொல்லிவைத்திருக்கிறாளாம், இனி எந்த முகத்தோடு குளிக்கப் போவதாம். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றேன்.

"ஏலாது எண்டு எழுதித் தந்தவையோ?"

"இல்லை."

"அப்ப நான் என்னத்துக்குத் திரும்பிப் போகோணும்? ஏலாது எண்டால் ஏலாது எண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நானும் பிள்ளையும் இஞ்சதான். அப்பாவுக்கு நான் சொல்லுறன்."

கந்தோரில் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பவேண்டுமாம். ஒரு சொல் கூட்டினாலும் கடிதம் திரும்பி வருமாம்.

2 மாசி, செவ்வாய்

பனி. மூன்று விரல் உயரம். அளந்தேன். மூன்றுதான்.

கந்தோரின் நீட்டு வாங்கில் குந்திக்கொண்டே எழுதுகிறேன். கீழே உள்ளது யோ. கேட்ட கணக்கில், கூட்டாமல்.

1.50: உள்ளே வந்தேன். கேள்விகளை டெனிஷில் மனப்பாடம் செய்திருந்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா? இல்லை என்றார் அம்மையார். ஏற்கப்பட்டதா? இல்லை. அப்படியானால் யாராவது பார்க்கிறார்களா? பேனையை எடுத்தார், வைத்தார்.

1.58: மெதுவாகச் சொன்னார். உங்கள் நாட்டாரின் ஃபைல்களை எடுக்காமல் ஒரு பக்கமாய் வைத்திருக்கிறார்கள். ஏன்? தனக்குச் சொல்லவில்லை. எவ்வளவு காலத்துக்கு? தனக்குத் தெரியாது.

(யோ., மன்னிக்கவும், ஒரு வரி கூட்டுகிறேன். நான் நாலு பக்கத்துக்குப் புளுகினேன். இவர்கள் ஒரு வரியில் என்னை வென்றுவிட்டார்கள்.)

2.05: சொன்னதை எழுதித் தாருங்கள் என்றேன். முடியாது என்றார். அப்படியானால் இருக்கிறேன் என்றேன். வாங்கில் இருந்தேன்.

2.40: வேலை முடிந்து மரியதாஸ் வந்தான். தானும் இருந்தான். கோல்டிங்கிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தம்பதி எங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. வாங்கு நிரம்பியது.

3.00: பூட்டும் நேரம். பாதி வெளிச்சத்தை அணைத்தார்கள். நாங்கள் எழும்பவில்லை. சப்பாத்துப் பனி உருகி நிலமெல்லாம் தண்ணீர்.

3.10: அம்மையார் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார், கோட்டும் தொப்பியுமாக. ஆள் கட்டை, நான் நினைத்ததைவிட. வீட்டுக்குப் போங்கள், வெளியே குளிர் கூடுது என்றார். எனக்குக் குளிராது, எழுதித் தாருங்கள் என்றேன்.

எங்கள் நாலு பேரையும் பார்த்தார்.

3.16: திரும்பி உள்ளே போனார். தொப்பியைக் கழற்றினார். கோட்டைக் கழற்றினார். தட்டச்சு மெஷினில் தாள் சொருகுகிறார். என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். விண்ணப்பம் கிடைத்தது, இன்னும் முடிவில்லை, அவ்வளவுதான் எழுதலாமாம், ஆனால் முத்திரை வைப்பாராம்.

பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்கிறார். ஞானகுலசிங்கம். கிட்டப் போய் நின்றுதான் சொல்லவேண்டும். நீளமான பெயர். ஒரு எழுத்தும் விடமாட்டேன்.