திரையில் நான் வைத்த பொட்டு

அக்கா,

காலையில் ஆயுதபூசைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். பேத்தி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஆயா, இதுக்கும் பொட்டு வை. ஸ்கிரீன்ல வெச்சிடாத, மூடி மேல வை" என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது.

நீயும் நானும் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய்ப் பல்கலைக்கழக வகுப்பறைகளைப் பெருக்கிய காலம். கரும்பலகையைக் கழற்றிவிட்டு, விரலால் தொட்டு எழுதும் பெரிய கம்ப்யூட்டர் திரையை மாட்டினார்கள். "சாக்பீஸ் தூள் போச்சு. பசங்களுக்கு முன்னாடி நமக்குத்தான்டி இது நல்லது பண்ணுது" என்று நீ சிரித்தாய்.

அந்த வருஷ ஆயுதபூசைக்குத் துடைப்பத்துக்கும் வாளிக்கும் பொட்டு வைத்தேன். நெசவு செய்த காலத்தில் தறிக்கு வைத்துப் பழகிய கை. திரையின் நடுவிலும் தடிமனாக ஒன்று வைத்துவிட்டது. லீவு முடிந்து மேடம் பாடம் எடுக்க வந்தார். காய்ந்த சந்தனத்தை யாரோ விரலை வைத்து அழுத்துவதாகவே அந்தத் திரை எடுத்துக்கொண்டது. அவர் ஒரு பக்கம் எழுதினால் கோடு இன்னொரு பக்கம் ஓடியது. பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பு நின்றது.

சூப்பர்வைசர் நம் இருவரையும் கூப்பிட்டார். "யார் வேலை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் போனாய். "நான்தான் சார் வெச்சேன்."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நீ. பொட்டே வைக்காத நெற்றியோடு நின்று அதைச் சொன்னாய். அவர் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. உன்னை விடுதிக் கழிவறைகளுக்கு மாற்றினார்.

ஆட்டோவில் நான் அழுதேன். "உன் சம்பளத்துலதான பேத்திப் பொண்ணு படிக்குது? கம்முனு வாடி" என்றாய்.

கம்மென்றே இருந்துவிட்டேன் அக்கா. முட்டி வலியோடு அந்த ஈரத் தரையில் நீ குனிந்த வருஷங்கள் முழுக்க. நீ கண்ணை மூடிய பிறகும்கூட.

அந்தப் பேத்திதான் இப்போது அதே கட்டடத்தில், அதே மாதிரித் திரையில் பாடம் எடுக்கிறாள். தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தேன். உன்னைப் பற்றி மட்டும் அவளிடம்கூடச் சொல்லவில்லை. இன்று சொன்னேன். லேப்டாப்பை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம், "அந்த சார் இன்னும் அங்கதான் இருக்காரு. நான் சொல்லட்டுமா ஆயா?" என்றாள்.

"நீ எதுக்கும்மா? வெச்சது நான்."

லீவு முடிந்த அன்றே போகிறேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். அவர் முன்னால் வாய் அடைத்துப்போனால் இந்தத் தாளையே நீட்டுவேன். இந்தத் தடவை அவர் நிமிர்ந்து பார்க்கட்டும். என் நெற்றியில் பொட்டு இருக்கும்.