றிப்தி காக்காவின் வுழு

கண்டக்குழி
14.03.2010

அன்பு மகன் றிப்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், கத்தார் வெயிலிலும் நீ அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். போன கிழமை போனில் உம்மாவின் குரல் சரியில்லையே என்று கேட்டாய், தடிமன் என்று மழுப்பினேன். தடிமனும் இல்லை ஒன்றும் இல்லை, மத்ரஸாவில் அவள் எடுக்கிற சின்னப் பிள்ளைகளின் வகுப்பு கையை விட்டுப் போகப் பார்த்தது. இப்போது எல்லாம் சரி, அல்ஹம்துலில்லாஹ், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ உடுத்து விட்டுப்போன நீலச் சாரத்தை வெட்டி, கைக்குள் மாட்டி ஆட்டுகிற பொம்மை ஒன்று தைத்திருந்தாள். மார்க்கத்தில் ஆகாத உருவம் என்று யாரும் குறை சொல்லக் கூடாதென்று கண், மூக்கு, வாய் ஒன்றும் வைக்கவில்லை, தொப்பி மட்டும்தான். உன் சாரம் என்பதால் பிள்ளைகள் உன்னையே அண்ணனாக்கி, அதற்கு றிப்தி காக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். தொழுகைக்கு முந்திச் செய்கிற வுழுவுக்கு றிப்தி காக்கா கைகால் கழுவிக் காட்டினால் அழுதுகொண்டு வந்த பிள்ளையும் கூடவே கழுவும். வில்லங்கம் வேறு பக்கத்தால் வந்தது. பள்ளிவாசல் தலைவர் றவூப் ஹாஜியார் தண்ணீர்த் தொட்டி ஹவுளடியில் நின்று பார்த்தால், வலது முந்த வேண்டிய வுழுவில் அத்தனை பிள்ளைகளும் இடக்கையையும் இடக்காலையும் முதலில் கழுவுகிறார்கள். பொம்மைக்கிட்ட மார்க்கம் படிச்சா இப்புடித்தான், வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவராட்டி வேற ஆளப் போடுவன் என்று ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். எனக்குச் சரியான கோபம். உம்மா ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, வலக்கையைத்தானே முதலில் காட்டினேன் என்று அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கடைசியில் என்னைப் பாயில் இருத்தி, பொம்மையைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்றாள். ஐந்து நேரமும் தொழுகிற மனிதன் நான், மகன், இடக்கையைத்தான் நீட்டினேன். அவள் எனக்கு நேரெதிரே இருக்கிறாள், அவளுடைய வலப்பக்கம் எனக்கு இடப்பக்கம், அவ்வளவுதான் விசயம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். மறுநாளே பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி இருந்து, பொம்மையைத் தலைக்கு மேலே தூக்கிச் சொல்லிக்கொடுத்தாள். முகமில்லாத பொம்மைக்கு முன்னென்ன பின்னென்ன. வெள்ளிக்கிழமை ஹாஜியார் திரும்பவும் ஹவுளடியில் நின்று பார்த்துவிட்டு, சரி, டீச்சரே நடத்தட்டும் என்றார். அன்றைக்குத்தான் உம்மா வயிறாரச் சாப்பிட்டாள், எனக்கும் உயிர் வந்தது.

ஒரு குறைதான் அவளுக்கு. திரும்பி இருப்பதால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது, முகம் தெரிவதில்லை. அதனால் மீனுக்குத் தோணி போகாத நாட்களில் நான் முன்னால் போய் இருந்து, யார் யார் எப்படிச் சிரித்தது என்று பார்த்துவந்து சொல்கிறேன். அவளும் விடாமல் கேட்கிறாள்.

சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே, வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் தருவானாக. ஒரு போட்டோ எடுத்து அனுப்பு மகன், சிரித்த முகமாக இருக்கட்டும். போனில் உன் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவள் என்னிடம்தான் கேட்கிறாள், பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துஆவுடன் உன் வாப்பா,
முத்தலிபு