தையல் மெஷின் வைத்திருந்த அம்மா

பிளெய்ன்ஸ்பரோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாறன் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா, டெக்சஸ் வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா. ஃபோனில் நீ ஸாரிம்மா என்று இங்கிலீஷில் சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இதையும் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, எவ்வளவு நேரமானாலும் நீயே எழுத்துக் கூட்டிப் படி.

அப்பா வேலைக்குப் போய் வருகிறார், பேச்சுத்தான் குறைந்துவிட்டது. காலேஜில் பாஸ்கெட்பால் ஆடும் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தபோது, கூட ரயிலில் வருகிற பசுபதி அங்கிள், படிக்கப் போன பையனுக்கு எதுக்குங்க காசு என்று கேட்டாராம். அவன் முட்டி தேய ஆடறான், டிக்கெட் வித்த காசுல அவனுக்குப் பங்கு வேண்டாமா என்று சண்டை போட்டுவிட்டு வந்தவர் உன் அப்பா. எனக்கும் அதில் வேறு எண்ணம் இல்லை, அது நீ உழைத்த பணம். அந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்குவாய் என்றுதான் நினைக்கவில்லை.

மொழிப் பாடத்துக்குத் தமிழ் எடுத்திருக்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. 'என் அம்மா' என்ற கட்டுரையை நீ அனுப்பியதும் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் எல்லார் முன்னாலும் வாசித்தேன். அம்மாவின் தையல் மெஷின் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போவேன் என்று அதில் ஒரு வரி. நம் வீட்டில் ஏது மெஷின். ஒரு தடவை சாந்தி ஆன்ட்டியிடம் இரவல் வாங்கி உன் ஜெர்சியைப் பிடித்துத் தைத்தேனே, பிள்ளை அதை ஞாபகம் வைத்திருக்கிறான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அழுதேன். அது தன் அம்மாவைப் பற்றித் தான் எழுதியது என்று, நீ காசு கொடுத்த ட்யூட்டர் எழிலரசி காலேஜ் விசாரணையில் சொன்னாளாம். மனசு விட்டுப்போச்சு கண்ணு. என்னைப் பற்றி எழுத உன்னிடம் நாலு வரி கூடவா இல்லை.

ஒரு சீசன் ஆடாமல் உட்கார்ந்தால் போதும், அடுத்த வருஷம் ஆடலாம், பணமும் வரும் என்று உன் கோச் அப்பாவுக்குத் தைரியம் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ட்யூட்டர் வேலையும் போய், ஸ்காலர்ஷிப்பும் போய், மாதக் கடைசியில் ஊருக்கே திரும்புகிறாளாம். அவள் செய்ததும் தப்புதான், ஆனால் போய்க் கேட்டது நீ. மெஷின் மிதித்துப் படிக்கவைத்த அம்மாவிடம் அவள் என்ன சொல்லுவாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கிளம்புவதற்குள் நேரில் போய் மன்னிப்புக் கேள். அவளிடம் பேசக்கூடாது என்று விசாரணைக்கு வைத்த வக்கீல் சொன்னாலும் போ.

வேளாவேளைக்குச் சாப்பிடு, முட்டிக்கு ஐஸ் வை, அப்பாவை நீயாகக் கூப்பிட்டுப் பேசு. மருதமலை முருகன் உன்னை நல்ல வழியில் நடத்தட்டும். ஃப்ரிட்ஜில் இருந்த கட்டுரையை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கிழித்துப்போட மனசு வரவில்லை, அதில் இருப்பது இன்னொருத்தி அம்மா. மறக்காமல் எழிலரசி கையில் கொடுத்துவிடு.

உன் அம்மா,
வசந்தாமணி