ட்ராயிங் மூணில் உட்கார்ந்தவருக்கு

சார்,

இன்று காலை சிங்காநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் மைதா பசை வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தால் சுவரில் நீங்கள். ஈரம் காயாத சுவரொட்டி. நெற்றியில் சந்தனம், அதே பாதிச் சிரிப்பு. நேற்றே தகனம் முடிந்துவிட்டதாகப் போட்டிருந்தது. படத்துக்குக் கீழே, "அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம், நேர்மையின் மறுபெயர்." அன்பு பற்றி எனக்குத் தெரியாது. பண்பு உங்களிடம் தேவைக்கு மேலேயே இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நேர்மை என்ற சொல்லைப் படித்ததும்தான் வயிறு எரிந்தது. நான் ஏறவேண்டிய பேருந்து வந்து நின்று போய்விட்டது. அதைக்கூடக் கவனிக்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை, உங்களிடமே பேசுகிறேன். உயிரோடு இருந்தபோது நீங்கள் என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்கவிட்டதில்லை. "ஆகட்டுமுங்க அம்மணி, பாக்கலாமுங்க" என்று நடுவிலேயே கும்பிட்டு அனுப்பிவிடுவீர்கள். இப்போது அது முடியாது அல்லவா, கேளுங்கள்.

அவிநாசி ரோட்டில் இருந்த அந்தப் பம்ப் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். மதுக்கரையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவேன். கம்ப்யூட்டரில் பம்ப் வரைபடம் போடுகிற வேலை. வரைபடப் பிரிவில் அதுவரை பெண் யாரும் நிரந்தரமானதில்லை. ஆயுத பூஜை முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். வடக்கே ஒரு பெரிய ஆர்டருக்கான வரைபடங்கள் முழுக்க என் பொறுப்பில் இருந்தன. அதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வேலை எனக்கு. அந்த ஒரு நினைப்பில்தான் அந்த வருஷம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளர். ஆபீசிலேயே ஏசி ஓடிய ஒரே அறை உங்களுடையது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு மெஷினிலும் ப்ளாப்பி டிஸ்க் நுழைக்கிற வாயில் ஒரு இரும்புப் பூட்டு தொங்கும், அது வழியாக வைரஸ் வந்துவிடக்கூடாதாம். சாவிக்கொத்து உங்கள் இடுப்பில். பிறகு சென்னையிலிருந்து ஒரு சாப்ட்வேர் வாங்கி வந்தீர்கள். அதற்கப்புறம் சாவியும் தேவைப்படவில்லை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், வரைபடப் பிரிவு என்று எல்லா மெஷினின் ப்ளாப்பியையும் அடைத்தீர்கள். எந்த மெஷினில் எது நுழைந்தாலும் அந்த மெஷினின் பெயர் உங்கள் திரையில் வந்து நிற்கும். என் மெஷினுக்கு நீங்கள் வைத்த பெயர் ட்ராயிங் மூணு.

எங்களுக்கு ஒரு ப்ளாப்பி போடவேண்டுமென்றால் உங்கள் வாசலில் வந்து நிற்கவேண்டும். நீங்கள் அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, காய்ச்சல்காரனைத் தொட்டவர் போலக் கையைத் துடைத்துக்கொள்வீர்கள். "ப்ளாப்பிங்கறது செருப்பு மாதிரிங்க அம்மணி. வெளிய உட்டுப்போட்டுத்தான் உள்ள வரோணும்" என்பீர்கள். ஒருமுறை முதலாளியே மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை ஒரு ப்ளாப்பியில் கொண்டுவந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க, ஆருக்கும் இல்லீங்க" என்று கைகட்டிச் சொன்னீர்கள். முதலாளி சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். முதலாளிக்கே முடியாது என்றவர் என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் உங்கள் புகழ். நானும் அன்றைக்கு உங்களைக் கொஞ்சம் மெச்சினேன், அந்தப் பாவத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று எதுவும் பூட்டிக் கிடக்கக்கூடாது. பீரோ, டூல் பெட்டி, ஸ்டோர்ஸ் கதவு, மேசை டிராயர், லாரியின் பானட் எல்லாம் திறந்திருக்கவேண்டும். முதலாளி கற்பூரத் தட்டோடு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று காட்டிவிட்டுப் போவார். அந்த வருஷம் உங்கள் அறைக்கும் வந்தார். மானிட்டர்களில் திருநீற்றுப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். நானும் டெலிபோன் போர்டு ஜமீலாவும் வாசலில் நின்றிருந்தோம். ஜமீலா கோட்டைமேட்டுக்காரி. பூஜைப் பொரிக்கு எங்களுக்கு முன்னால் கை நீட்டுவாள்.

"ஏனுங்க, இதெல்லாம் தொறந்திருக்குதுங்களா?" என்று கேட்டார் முதலாளி.

"இது சாப்ட்வேர் பூட்டுங்க. கண்ணுக்குத் தெரியாதுங்க."

"கண்ணுக்குத் தெரியாட்டி என்னங்க, பூட்டுன்னா பூட்டுதானுங்க. இன்னிக்கு ஒருநா தொறந்துருங்க. சாமி உள்ள வரோணுமல்ல?"

கல்யாணப் பத்திரிகைக்கு மறுத்த நீங்கள் சாமிக்கு மறுக்கவில்லை. உட்கார்ந்து, ப்ளாப்பி அடைப்பு, வைரஸ் காவல் இரண்டையும் எல்லா மெஷினிலும் எடுத்துவிட்டீர்கள். கற்பூரம் காட்டியானது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜமீலா என் காதில், "சாமி ப்ளாப்பி வழியாவாடி வரும்?" என்றாள். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் பொரி எடுத்துவர ஓடினேன்.

பூஜைக்கு எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். உங்கள் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து முதலாளியின் அக்கா வந்திருந்தார். பாக்கு மண்டி வைத்திருக்கிற குடும்பம், கல்யாணத்துக்கு நிற்கிற மகன். அந்த அம்மாள் உங்கள் மகளைப் பார்த்ததும் பிடித்துப்போய், "பொண்ணு ஜாதகம் இருந்தாக் குடுங்க, இன்னிக்கு நல்ல நாளு" என்று கேட்டாராம். உங்கள் மகளின் ஜாதகம் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை ஒன்று போட்டுக்கொடுத்த ப்ளாப்பியில் இருந்தது. அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரின் ப்ளாப்பி நுழைந்து வெளியே வருமோ, அந்தச் செருப்பை நீங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தீர்கள்.

பொரித் தட்டோடு நான் வரைபட அறைக்குள் நுழைந்தபோது என் நாற்காலியில் நீங்கள் இருந்தீர்கள். நல்ல பிரிண்டர் என் மேசைக்குப் பக்கத்தில்தானே இருந்தது. கட்டத்தோடு ஜாதகம் வெளியே வந்துகொண்டிருந்தது. பூஜை போட்ட மெஷினை அன்று தொடக்கூடாது என்று காலையில் எங்களுக்குச் சொன்னவரே நீங்கள்தான். என்னைப் பார்த்ததும் ப்ளாப்பியை உருவிப் பைக்குள் போட்டு, "ஒரு நிமிசமுங்க அம்மணி, ஆச்சுங்க" என்று எழுந்தீர்கள். நான் தட்டை நீட்டினேன். ஒரு பிடி பொரி அள்ளிக்கொண்டு போனீர்கள்.

விடுமுறை முடிந்து வந்து மெஷினைப் போட்டால் என் வரைபடங்கள் ஒன்றும் திறக்கவில்லை. சர்வரில் இருந்தவையும் போயிருந்தன. நீங்கள் எடுத்து வைத்திருந்த நகலோ ஆர்டர் வருவதற்கு முந்தியது. வடக்கே அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. முதலாளி தன் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார். காவலை மறுபடி போட்டதும் சாப்ட்வேர் காட்டிய பட்டியலை நீங்கள் ஒரு தாளில் எடுத்து வந்தீர்கள். குரலை ஏற்றவே இல்லை.

"சாப்ட்வேர் சொல்றதைத்தானுங்க நான் சொல்ல முடியும். மொதல்ல வைரஸ் நொழஞ்சது ட்ராயிங் மூணுலதானுங்க."

"அது என்னோட மெஷினுங்க. ஆனா அதுல உக்காந்து ப்ளாப்பி போட்டது சாருங்க" என்றேன். "பூஜையன்னிக்கு ஜாதகம் எடுத்தாங்க. நான் என் கண்ணாலே பார்த்தேனுங்க."

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். நீங்கள் அந்தப் பாதிச் சிரிப்பு சிரித்தீர்கள். "நானு? ப்ளாப்பி போட்டேனுங்களா கண்ணு?" என்றீர்கள். அவ்வளவுதான், அறையே சிரித்தது. முதலாளி சிரித்தார், கணக்குப்பிள்ளை சிரித்தார், டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். முதலாளிக்கே மறுத்த மனுஷர் ப்ளாப்பி போடுவாரா! உங்கள் கண்டிப்புதான் உங்களுக்குச் சாட்சி. ஜாதகம் வாங்கிப்போன அக்காவைக் கேளுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "பெரியவங்களையெல்லாம் இதுல இழுக்காதீங்க அம்மணி" என்று முதலாளி கையமர்த்திவிட்டார்.

என்னை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. நம் ஊரில் அப்படியெல்லாம் முரட்டுத்தனமாகச் செய்யமாட்டார்களே. "கொஞ்ச நாளைக்கு ஊட்டுல ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க அம்மணி, நாங்களே சொல்லி அனுப்பறோமுங்க" என்றார் முதலாளி. வாசல்வரை வந்து வழியனுப்பியவர் நீங்கள். ஜமீலா மட்டும் போர்டைவிட்டு எழுந்து வந்து, உங்கள் முகத்துக்கு நேரே, "அல்லா பாத்துட்டு இருக்கான் சார்" என்றாள். "ஆமாங்க, எல்லாம் சாமி செயலுங்க" என்றீர்கள். அவள் பல்லைக் கடித்ததை நான் பார்த்தேன்.

சொல்லி அனுப்பவே இல்லை. கோயமுத்தூரில் பம்ப் கம்பெனிக்காரர்கள் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. நான் வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் காபி கொடுத்து, "அந்த வைரஸ் அம்மணி நீங்கதானுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டு, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். வரைபடம் போடுகிற வேலை அதோடு முடிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பில் அடித்தேன். பம்பில் எந்த விளிம்பு எத்தனை தடிமன் என்று மனக்கண்ணால் பார்க்கத் தெரிந்த எனக்கு, ஜட்டி எத்தனை டஜன் என்று அடிக்கிற பிழைப்பு. அதற்காக உங்களை நான் சபித்திருக்கிறேன் சார். வாய்விட்டு, பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கும்படி சபித்திருக்கிறேன்.

நீங்கள் மதுக்கரைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? மகள் கல்யாணத்துக்கு அழைக்க, மனைவியோடு, தட்டில் வெற்றிலை பாக்கு தேங்காயோடு. மாப்பிள்ளை அந்த மேட்டுப்பாளையத்துப் பையன்தான். உங்கள் துணிச்சலைப் பார்த்தபடியே பாயை எடுத்து விரித்தேன். உங்கள் மனைவி என் அம்மாவோடு சமையலறைக்குள் போனதும் குனிந்து சொன்னீர்கள்.

"அன்னிக்கு வேற வழி தெரியலீங்க அம்மணி. நான் ஒத்துக்கிட்டிருந்தா இந்தச் சம்பந்தம் நின்னு போயிருக்கும். பொட்டப்புள்ளயப் பெத்தவன். மனசுல வெச்சுக்காதீங்க."

"இதை முதலாளிகிட்டச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"கண்டிப்பாச் சொல்றேனுங்க. கல்யாணம் முடியட்டுமுங்க."

கல்யாணம் முடிந்தது. பேரன் பிறந்தான். பல வருஷம் கழித்து அவிநாசித் தேரில் உங்களை மடக்கிப் பிடித்தேன். "முதலாளிக்கு ஒடம்பு செரியில்லீங்க, இப்பப் போயி இதச் சொல்றதுங்களா?" என்றீர்கள். அடுத்த தேர் வருவதற்குள் முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்லவேண்டிய ஆளே இல்லாமல் போனதில் உங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று அந்தச் சுவரைப் பார்த்த பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்க இல்லை. உங்கள் மகளிடமாவது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாக அடுக்கிக்கொண்டேன். யார் தடுத்தாலும் நிறுத்தாமல் சொல்லி முடிப்பது, சொன்னதும் எழுந்து வந்துவிடுவது.

உங்கள் மகள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. உங்கள் மருமகன் ஓரமாகத் தூணில் சாய்ந்திருந்தார். அப்பாவோடு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவள், வரைபடப் பிரிவு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகையிலும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்பா சொல்லுவாருங்க! அவரு கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டுக் காவல் காத்த எடத்துல, ஒரு அம்மணி ப்ளாப்பியப் போட்டுக் கம்பெனியவே படுக்க வெச்சுருச்சாமா. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. பசங்களுக்கெல்லாம் அந்தக் கதைதான் சொல்லித் தூங்க வெப்பாரு. அது நீங்களுங்களா?"

சார், என் வீட்டில் வந்து தலைகுனிந்து ஒத்துக்கொண்டவர் நீங்கள். அதே வாயால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இதைக் கதையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவள் என் கையை விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சிரிப்பில் ஒரு துண்டு என்னிடம் இருக்கிறது என்பது போலப் பார்த்தாள். அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க கண்ணு," என்றேன். "நான்தானுங்க அது."

அவள் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே உடைந்து, என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அத்தனை பேர் கேட்டும் நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாததை இன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் என் வாயாலேயே ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இனி அது என்னுடையது. உங்களை நான் மன்னிக்கவில்லை சார்.