வராமல் போன நோய்

அத்தை,

மழை ஒழுகி நனைந்த அலமாரியைக் காலி செய்தபோது அந்த ஸ்கேன் படம் கிடைத்தது. ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தது. ஜன்னலில் வைத்துப் பிடித்தேன். வெளியே பனி மூட்டம், வெளிச்சம் போதவில்லை. ஆனாலும் தெரிந்தது. உங்கள் வயிறு. குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு. அதன் நுனியில் கொத்தாகச் சில கொப்புளங்கள்.

கணையம் என்ற உறுப்பு உங்களுக்குள் இருப்பதை நாம் இருவரும் ஒரே நாளில்தான் அறிந்தோம். அக்கரப்பத்தனையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நீங்கள், பித்தப்பையில் கல் என்று சந்தேகப்பட்டுக் கண்டிக்குப் போனீர்கள். கல் இல்லை. கணையத்தின் வால் பகுதியில் ஒரு நீர்க்கட்டி. அரிதானது என்றார்கள். புற்றுநோய் அல்ல, ஆனால் ஒருநாள் அப்படி மாறக்கூடிய வகையாக இருக்கலாம். கணையக் குழாயோடு அது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொழும்பு. காந்தத்தால் எடுக்கும் படம்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"காலையில ஒண்ணும் சாப்புடலியே?" என்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. தேத்தண்ணி மட்டுந்தான்."

"அத்தை!"

"தேத்தண்ணி சாப்பாடாடா? ரெண்டு கோப்பை. சாயம் கொஞ்சம் கூட."

உள்ளே இருந்த தாதி சிங்களத்தில் சத்தம் போட்டார். இன்னொரு நாள் வரட்டும் என்றார். இன்னொரு நாள் என்றால் மாதங்கள். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு தூரம் வந்திட்டினம். எடுத்துப் பாப்பம்."

படம் வந்ததும் நம்மைக் கூப்பிட்டார். "அம்மா, என்ன குடிச்சனீங்கள்?"

"பிளேன்டீங்க. எங்க தோட்டத்துத் தூளு."

அவர் சிரித்தார். இரைப்பையில் நிற்கும் நீர் இந்தப் படத்தில் வெள்ளையாக எரியுமாம். அருகில் ஓடும் குழாயை மறைக்குமாம். தேயிலையில் உள்ள மாங்கனீசு அந்த வெள்ளையை அணைத்துவிடும். இதற்காகவே, அதே சத்துள்ள அன்னாசிச் சாறு கொடுக்கும் இடங்களும் உண்டு. உங்கள் இரைப்பை இருட்டாக இருந்தது. குழாய் முழுதாகத் தெரிந்தது.

"அப்ப அந்த மிஸ்ஸி திட்டுனத யாருங்க திருப்பி எடுத்துக்குவாங்க?" என்றீர்கள்.

அதன்பின் அவர் சிரிக்கவில்லை. கட்டி குழாயோடு சேர்ந்திருந்தது. குழாயும் வீங்கியிருந்தது.

"இப்ப கான்சர் இல்லை. விட்டால் மாறலாம். எப்ப எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது. மாறாமலும் விடலாம். வெட்டி எடுக்கிறதுதான் நல்லது. ஆனா பெரிய ஒபரேஷன். பிறகு சீனி வருத்தமும் வரலாம், நீரிழிவு."

ரயிலில் திரும்பினோம். எங்கும் வலிக்கவில்லை உங்களுக்கு. வலிக்காத வயிற்றை ஒரு படத்தை நம்பி வெட்டக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மேசையிலேயே உயிர் போகலாம். கொடுக்காவிட்டால் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். வட்டவளை தாண்டியதும், வயிற்றில் புற்றுநோயோடு போன உங்கள் தம்பியை, என் அப்பாவைப் பற்றிப் பேசினீர்கள்.

"உங்கப்பனுக்குப் படம் எடுக்கறப்பவே எல்லாம் முடிஞ்சி போச்சி. எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லங்கிறாரு. அறுத்துக்கிறேன் மருமவனே."

அறுத்தார்கள். பிழைத்தீர்கள். எடுத்த கட்டியைச் சோதித்ததில், இன்னும் மாறவில்லை என்று வந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் விடவில்லை.

"இல்லாத வியாதிக்கு வயித்த அறுத்துக்கிட்டு வந்த மகராசி!"

"ஆமாடி, தையலப் பாக்கிறியா?" என்று சேலையை விலக்குவீர்கள். சிரிப்பு லயத்து வீட்டு வரிசையின் முனை வரை கேட்கும்.

சீனி வருத்தம் வந்த பிறகு ஒருநாள் இன்சுலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டீர்கள்.

"அறுக்காம விட்டிருந்தா நெசமாவே வந்திருக்குமாடா?"

"தெரியாது அத்தை."

"ஒனக்குமா? கெம்பஸ் போயி என்னத்தடா படிச்ச?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். ஆனால் என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தீர்கள். பல வருடங்கள் அப்படிப் போயின. கொழுந்து, காய்ச்சல், கல்யாண வீடுகள், சண்டை. ஊசியைத் தவிர எல்லோருக்கும் உள்ள வருடங்கள். பிறகு ஒரு மத்தியானம் உங்கள் இதயம் நின்றது.

சாவு வீட்டில் பக்கத்து லயத்து அக்கா என் கையைப் பிடித்தார்.

"அந்த வயித்து வியாதிதானா தம்பி?"

"இல்லங்க. அது வரவே இல்ல."

சொன்ன பிறகுதான் ஊசியோடு நீங்கள் இருந்த நாள் நினைவுக்கு வந்தது. நீங்கள் கேட்டதற்கு இது பதில் அல்ல. வந்திருக்குமா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. வரவில்லை. அது மட்டும் தெரியும். படத்தோடு அதையும் வைத்திருக்கிறேன், அத்தை.