பழைய துணிக்கடையில் சூப்பர்மார்க்கெட்

ரெங்கம், ஜோகூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் லோஷினிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், முழங்கால் ஒன்றுதான் மழை வருமுன்னே சொல்லிவிடுகிறது. டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா, சளி விட்டதா? இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

பஸ் ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு மாடித் துணிக்கடை இருந்ததே, கோவிட்டில் பூட்டியது பூட்டியதுதான். அடுத்த மாதம் அங்கே சூப்பர்மார்க்கெட் திறக்கப்போகிறார்களாம். கட்டடத்தை இடிக்கவில்லை, உள்ளே மட்டும் மாற்றுகிறார்கள், கீழே காய்கறி, மீன், மேலே சட்டி பானை. வாசலில் ஆள் தேவை என்று பேனர் கட்டியிருந்தார்கள், வயது பற்றி ஒன்றும் போடவில்லை. நான் போய்ப் பேர் கொடுத்துவிட்டேன். வீட்டுச் செலவுக்கு ஒரு குறையும் இல்லை, அப்படி நினைத்துவிடாதே. அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது, பக்கத்து வீட்டு ராஜம்மாவும் மகனோடு ஜோகூர் பாருவுக்குப் போய்விட்டாள். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் வாயே திறப்பதில்லை, டிவிக்காரன்தான் பேசிக்கொண்டிருக்கிறான். தனியாக இருப்பது பழகிவிடும் என்றார்கள், எனக்குப் பழகவில்லை லோஷி.

இன்டர்வியூ அன்று நான் செய்த கூத்தைக் கேள். நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று பச்சைப் பட்டுச் சேலை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாம் வைத்து, பெண் கேட்கப் போகிற மாதிரி போய் நின்றேன். வரிசையில் இருந்ததெல்லாம் சட்டையும் கறுப்பு சிலுவாரும் போட்ட பிள்ளைகள். மேனேஜர் சீனர், உன் வயதுதான் இருக்கும், சிரிக்காமல் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஆன்ட்டி, கடை திறக்கிற அன்னிக்கும் இதே மாதிரி கொண்டு வாங்க லா என்றார்.

அப்புறம் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். ஆபத்து அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, அரை மணி நேரத்தில் வரக்கூடிய ஆளாக இருக்கவேண்டும் என்றார்கள். உன் பேரை எப்படி எழுதுவது? பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன், அரை மணியில் எனக்காக ஓடி வர இந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. பின்னால் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். முப்பத்துநாலு வருஷம் எழுதிப் பழகின கை, காளிதாஸ் என்று எழுதி அப்பாவின் நம்பரையும் போட்டுவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் போன் இன்னும் அப்பாவின் சட்டைகளோடு அலமாரியில்தான் இருக்கிறது. நம்பர் போய்விடக்கூடாது என்று டாப்அப் போட்டு, சார்ஜும் ஏற்றி வைக்கிறேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

நேற்று நான் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், என் போன் எங்கேயோ கிடந்து அடித்து ஓய்ந்திருக்கிறது. உள்ளே வந்தால் அலமாரிக்குள் அப்பாவின் போன் அடிக்கிறது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். எடுத்தேன். ஒரு பெண், இது கஸ்தூரி வீட்டுக்காரர் நம்பர்தானே, அவங்களுக்கு வேலை கிடைச்சிருச்சு, அடுத்த மாசம் வர்ற முதல் திங்கட்கிழமை எட்டு மணிக்குக் காய்கறி அடுக்க வரச் சொல்லுங்க என்றாள். சரி, சொல்லிவிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், சந்தோஷமும்தான்.

போனதும் அந்தப் பாரத்தை வாங்கி உன் பேரைப் போடப்போகிறேன். அரை மணியில் வரமாட்டாள், ஆனால் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி தலைக்குக் குளிக்காதே. நீ நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீடு திரும்புவேன், உனக்கு அங்கே காலை பத்து. முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. நீ கேள்.

உன் அம்மா,
கஸ்தூரி காளிதாஸ்